கப்பலுக்குக் காத்திருந்த போதகர்: தரங்கம்பாடி சீகன்பால்குவின் பதின்மூன்று ஆண்டுகள்

சீகன்பால்கு என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அச்சு இயந்திரம்தான். தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து அச்சிட்ட ஜெர்மானியப் பாதிரியார், தரங்கம்பாடியில் இருந்தவர், சிறைக்குப் போனவர். பள்ளிப் புதிர்ப் போட்டிகளில் இந்த மூன்றும் கேள்வியாக வரும். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

ஆனால் அவருடைய நாட்களில் பெரும்பகுதி அச்சுக்கூடத்திலோ சிறையிலோ கழியவில்லை. ஒரு சின்ன சபையை நடத்துவதில் கழிந்தது. அந்தச் சபைக்குப் பணம் இல்லை. பணம் வரவேண்டிய கப்பல் வராது, வந்தால் போதாது, போதுமான அளவு வந்தால் ஏன் செலவழித்தாய் என்று ஒரு கடிதமும் கூடவே வரும். பதின்மூன்று ஆண்டுகள் இப்படியே போயின.

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லிங்கி, பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமான கதையாக இருக்காது. தோட்டத்து ஓரத்தில் தகரக் கூரை போட்ட சிற்றாலயம், மாதம் ஒருமுறையோ இருமுறையோ பட்டணத்திலிருந்து வரும் போதகர், காணிக்கைப் பையில் விழும் சில ரிங்கிட். தோட்டம் விற்கப்பட்டு, பிள்ளைகள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் வேலைக்குப் போன பிறகு, மிஞ்சிய நாலைந்து வயதானவர்களை வைத்துக்கொண்டு ஆலயக் கதவைத் திறந்து வைத்திருக்கும் பாடு பல சபைகளுக்கு உண்டு. கோயில் கமிட்டிகளுக்கும் இது தெரிந்த பாடுதான். இந்தப் பாட்டைத் தமிழர்கள் நடுவே சீர்திருத்தத் திருச்சபையின் பெயரால் முதலில் பட்டவர் சீகன்பால்கு.

பார்த்தலோமேயு சீகன்பால்கு 1682 ஜூலை 10-ஆம் நாள் ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் உள்ள புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தானிய வியாபாரி. பெற்றோர் இருவரையும் சிறு வயதிலேயே இழந்தார். உடம்பும் சரியில்லை. வயிற்றுக் கோளாறு இளமையிலேயே அவரைப் பிடித்துக்கொண்டது, கடைசிவரை விடவில்லை.

ஹாலே நகரில் அகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற பேராசிரியரிடம் அவர் படித்தார். இந்தப் பிராங்கேயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். உண்டியலில் விழுந்த ஒரு சிறு தொகையைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, அதைப் பெரிய அநாதை இல்லமாக வளர்த்தவர் அவர். வயிறு காய்ந்த பிள்ளைக்கு முதலில் கஞ்சி, பிறகு பாடம், அதோடு வேதம். இதுதான் அங்கே நடைமுறை. சீகன்பால்கு தரங்கம்பாடியில் செய்தது எல்லாம் இங்கே கற்றதுதான். பின்னால் அவருக்கு வந்த பெரிய சங்கடமும் இதிலிருந்துதான் வந்தது.

அந்தக் காலத்தில் சோழமண்டலக் கரையில் தரங்கம்பாடி டென்மார்க் வசம் இருந்தது. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று, டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டி வியாபாரம் செய்து வந்தார்கள். அங்குள்ள மக்களுக்குப் போதகர்களை அனுப்ப வேண்டும் என்று டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் விரும்பினார். சொந்த நாட்டில் ஆள் கிடைக்காமல் ஜெர்மனியில் தேடியபோது சீகன்பால்குவும் ஹைன்ரிக் புளூட்சோவும் கிடைத்தார்கள். 1705 நவம்பரில் கப்பலேறிய இருவரும் 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். சீகன்பால்குவுக்கு அப்போது 23 வயது.

வரவேற்க யாரும் இல்லை. மன்னர் அனுப்பிய ஆட்கள்தான். ஆனால் ஊரை ஆண்டது மன்னர் அல்ல, வியாபாரக் கம்பெனி. மதம் பேசப்போய்த் தஞ்சை அரசரோடு மனத்தாங்கல் வந்தால் வியாபாரம் கெடும் என்பது கம்பெனியின் கணக்கு. கோட்டைத் தலைவர் ஹாசியுஸ் இருவரையும் மணிக்கணக்கில் காக்க வைத்தார். தங்க இடம்கூட ஏற்பாடு செய்யவில்லை. தோட்டத்துக்குள் ஆலயம் கட்ட நிலம் கேட்டுத் துரையின் பங்களா வாசலில் நின்ற நம் தாத்தாக்களுக்கு ஹாசியுஸ் யார் என்று விளக்க வேண்டியதில்லை.

மொழி தெரியாமல் ஒன்றும் நடக்காது என்று சீகன்பால்குவுக்கு உடனே புரிந்தது. ஒரு திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரை அழைத்து வந்து, சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுத்துப் பழகினார். அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பேச்சுத் தமிழ் கற்றார். இரண்டே ஆண்டுகளில் பல்லாயிரம் சொற்களைத் தொகுத்துவிட்டார். ஓலைச் சுவடிகளைத் தேடித் தேடி வாங்கினார். இறந்துபோன பண்டிதர்களின் மனைவியரிடம் ஆள் அனுப்பிச் சுவடிகளை விலைக்கு வாங்கியதும் உண்டு. 1708-இல் அவர் தயாரித்த நூல் பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் இருக்கின்றன. திருக்குறளும் தொல்காப்பியமும் அதில் உண்டு. உலகநீதி, கொன்றை வேந்தன், நீதிவெண்பா மூன்றையும் அதே ஆண்டு ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

சபை தொடங்கியது 1707-இல். மே மாதம் முதலில் திருமுழுக்குப் பெற்ற ஐந்து பேரும் டேனிஷ் வீடுகளில் இருந்த அடிமைகள். செப்டம்பரில் தமிழர்கள் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். அதற்கிடையே, ஆகஸ்டு 14-இல் ஒரு சிறு ஆலயம் திறக்கப்பட்டது. ஐரோப்பியர்களுக்கு ஊரில் ஏற்கெனவே சீயோன் ஆலயம் இருந்தது. தமிழ்ச் சபைக்கு என்று ஓர் இடம் வேண்டும் என்பதற்காகப் போதகர்கள் இருவரும் தங்கள் சம்பளப் பணத்தைப் போட்டுக் கட்டிய ஆலயம் இது. எருசலேம் என்று பெயர் வைத்தார்கள்.

கட்டடம் ஒரு செலவு. ஆட்கள் அதைவிடப் பெரிய செலவு. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது எளிதில் விளங்குவதில்லை. அந்தக் காலத்தில் ஒருவர் திருமுழுக்குப் பெற்றால் பல வேளைகளில் வீட்டை இழந்தார், உறவை இழந்தார், சாதித் தொழிலை இழந்தார். சீகன்பால்குவுக்குத் தமிழ் கற்பிக்க உதவிய கணபதி வாத்தியார் 1709-இல் சபையில் சேர்ந்தபோது குடும்பத்தார் கொடுத்த நெருக்கடி கொஞ்சநஞ்சம் அல்ல. அடிமையாக இருந்தவருக்கோ இழக்கக்கூட எதுவும் இல்லை. வந்த நாளிலிருந்தே சோறு வேண்டும். சபையில் சேர்ந்தவர்களின் பாடு போதகர் தலையில் விழுந்தது.

பிறகு பள்ளிக்கூடம். 1707-லேயே பிள்ளைகளைச் சேர்த்தார்; பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி வைத்தார். படிக்க வந்த ஏழைப் பிள்ளைகள் அங்கேயே தங்கினார்கள், அங்கேயே சாப்பிட்டார்கள். வாத்தியார்களுக்குச் சம்பளம், உபதேசியார்களுக்குச் சம்பளம், ஓலையில் பாடம் எழுதிக் கொடுக்கும் எழுத்தர்களுக்குக் கூலி. அச்சு வருவதற்கு முன் ஒவ்வொரு புத்தகமும் கையால் எழுதப்பட்டது. எழுத எழுதக் கூலி ஏறியது. காணிக்கை எடுத்து இதைச் சமாளிக்க முடியுமா? காணிக்கை போட வேண்டியவர்களே போதகர் வீட்டு வாசலில் அரிசிக்கு நின்றவர்கள்.

இப்படி ஒரு நிலையில்தான் 1708-இல் ஐரோப்பாவிலிருந்து பணம் வந்தது. தரங்கம்பாடியில் துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும். சரக்கும் ஆட்களும் சிறு படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். சபைக்கான பணப்பெட்டியை ஏற்றி வந்த படகு கவிழ்ந்தது. பெட்டி கடலோடு போனது. இரண்டு ஆண்டு காத்திருந்து வந்த பணம், கண்ணுக்கு எட்டிய தூரத்தில் முழுகியது. வரும் என்று நம்பி ஏற்கெனவே கடன் வாங்கியிருந்தால் என்ன ஆகும் என்பதைச் சபைப் பொருளாளராக இருந்தவர்கள் சொல்லாமலே அறிவார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 19-இல் கைது. காரணம் ஓர் ஏழை விதவை. இறந்துபோன ஒரு தமிழ் நாவிதரின் மனைவிக்கும் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கும் இடையே கடன் வழக்கு. அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று சீகன்பால்கு தலையிட்டார். கோட்டைத் தலைவர் அதைக் கலகம் என்று எடுத்துக்கொண்டார். டான்ஸ்போர்க் கோட்டையில் நான்கு மாதம் அடைத்து வைத்தார்கள். தொடக்கத்தில் பேனா, மை, காகிதம்கூடக் கொடுக்கவில்லை. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அவர் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைத் தொடங்கியிருந்தார். 1709 மார்ச் 26-இல் வெளியே வந்தபோது, பாடுபட்டுச் சேர்த்த சபை சிதறிக் கிடந்தது. பயந்தவர்கள் போய்விட்டார்கள். இருந்தவர்களைத் தேடிப்பிடித்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

சிறை வாழ்க்கையைப் பற்றிச் சபை வரலாறுகள் நிறைய எழுதியிருக்கின்றன. பணப்பெட்டியைப் பற்றி ஒரு வரியோடு நகர்ந்துவிடுகின்றன. ஆனால் சிறை நான்கு மாதத்தில் முடிந்தது. பணக் கவலை அவர் சாகும்வரை முடியவில்லை.

கணக்கு எழுதிய கை

1709 ஜூலையில் அடுத்த கப்பல் வந்தது. பணம் வந்தது, மன்னரின் ஆதரவும் வந்தது, புதிய ஆட்கள் மூவர் வந்தார்கள். அவர்களில் யோஹான் எர்ன்ஸ்ட் குரூண்ட்லர் கடைசிவரை சீகன்பால்குவின் வலது கையாக நின்றார். மற்றொருவரான போவிங் வந்த சில நாளிலேயே மனக்கசப்பாகி, சீகன்பால்குவின் போக்கைக் குறைகூறி ஐரோப்பாவுக்கு எழுதத் தொடங்கினார். ஒரு சின்ன ஊர், ஒரு சின்ன சபை, உள்ளுக்குள்ளேயே இரண்டு கட்சி. புளூட்சோ 1711-இல் ஊர் திரும்பினார்.

பணம் எப்படி வந்தது என்று பார்த்தால் அதன் நிலையின்மை புரியும். மன்னர் அஞ்சல் வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 2,000 ரிக்ஸ்டாலர் ஒதுக்கினார். பிராங்கே, தரங்கம்பாடிக் கடிதங்களை 1710 முதல் ஹாலேயில் அச்சிட்டு வெளியிட்டார். அவற்றைப் படித்து மனம் இளகிய ஜெர்மானியக் குடும்பங்கள் நன்கொடை அனுப்பின. லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் உதவியது. ஏட்டில் பார்த்தால் மூன்று வாய்க்கால்கள். ஆனால் மூன்றும் கப்பலில்தான் வந்து சேர வேண்டும். டென்மார்க் அப்போது சுவீடனோடு நீண்ட போரில் இருந்தது. கம்பெனியின் வியாபாரமும் நொடித்துக்கொண்டிருந்தது. கப்பல் தவறினால் ஊரில் கடன் வாங்கித்தான் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும். வட்டி ஏறும். கடிதம் எழுதிப் பதில் வர ஓராண்டுக்கு மேலாகும். பசிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

நன்கொடை தருபவர்களுக்கு நல்ல செய்தி வேண்டும் என்பது இன்னொரு நெருக்கடி. எத்தனை பேர் சேர்ந்தார்கள், என்ன நடந்தது, விவரமாக எழுத வேண்டும். பள்ளிக்கூடமும் பிரசங்கமும் மொழிபெயர்ப்பும் முடிந்த பிறகு, விளக்கொளியில் கடிதம், அறிக்கை, கணக்கு. வயிற்று வலியோடு அவர் எழுதிய கடிதங்களின் எண்ணிக்கை இன்றும் ஆய்வாளர்களை மலைக்க வைக்கிறது.

அச்சு இயந்திரம் வந்த கதையும் பணக் கதைதான். புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1711 மார்ச்சில் முடிந்தது. ஓலையில் எழுதினால் எத்தனை படி எடுக்க முடியும்? லண்டன் சங்கம் ஓர் அச்சு இயந்திரத்தைக் கப்பலில் ஏற்றியது. அந்தக் கப்பலைப் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பணம் கொடுத்து மீட்டார்கள். கூட வந்த அச்சுத் தொழிலாளி யோனாஸ் பிங்க் வழியிலேயே, நன்னம்பிக்கை முனைக்கு அருகில், இறந்துபோனார். இயந்திரம் மட்டும் 1712-இல் வந்து சேர்ந்தது. ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை. கடைசியில் கோட்டைச் சிப்பாய்களில் ஒருவருக்கு அச்சு வேலை தெரியும் என்று கண்டுபிடித்து அவரை இழுத்து வந்தார்கள்.

ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்தன. எழுத்து அழகுதான், ஆனால் பெரியது. அந்த அளவில் அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். அதற்கு ஈயம் வேண்டுமே! இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி பொதிந்து வந்த ஈயத் தகடுகளை உருக்கினார்கள் என்பது அச்சு வரலாற்றில் பலரும் சொல்லும் செய்தி. நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-இல் வெளிவந்தன. எஞ்சியது 1715-இல் முடிந்தது. காகிதச் செலவைக் குறைக்கப் பொறையாறில் காகிதப் பட்டறையும் அமைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப் பெயராக அது இன்னும் அங்கே நிற்கிறது.

தமிழ் படித்தவர்கள் வருந்தக்கூடிய ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஊராரிடம் கேட்டும் சுவடிகளைப் படித்தும் சீகன்பால்கு ஒரு பெரிய நூல் எழுதி 1713-இல் ஹாலேக்கு அனுப்பினார். பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். போதகர்கள் போனது அந்த வழிபாட்டை ஒழிக்கத்தானே தவிர, அதைப் பற்றி ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் எண்ணம். நூல் 1867-இல்தான், எழுதியவர் இறந்து ஏறக்குறைய 150 ஆண்டு கழித்து, சென்னையில் அச்சேறியது. மாரியம்மன், ஐயனார் வழிபாட்டைப் பற்றி 300 ஆண்டுக்கு முன் ஒருவர் இவ்வளவு விரிவாக எழுதிவைத்தது நமக்குக் கிடைத்த பேறு. அவருக்குக் கிடைத்தது கண்டிப்பு.

கோபன்ஹேகனில் ஒரு செயலாளர்

கடிதத்தில் தீராத சங்கடத்தை நேரில் பேசித் தீர்க்கலாம் என்று 1714 அக்டோபரில் சீகன்பால்கு கப்பலேறினார். மலையப்பன் என்ற தமிழ் இளைஞர் உடன் சென்றார். போர்க்களத்தில் முகாமிட்டிருந்த மன்னரைப் போய்ப் பார்த்தார். ஹாலேயில் இலத்தீன் மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்றை 1716-இல் அச்சிட்டார். மரியா டோரத்தேயா சால்ஸ்மன் என்ற பெண்ணை மணந்தார். லண்டனில் முதலாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்தார். போன இடமெல்லாம் மரியாதை. 1716 ஆகஸ்டில் மனைவியோடு திரும்பி வந்தபோது ஹாசியுஸ் பதவியில் இல்லை. புதிய தலைவர் சபைக்கு நல்லவராக இருந்தார்.

அடுத்த இரண்டு ஆண்டுகள்தான் அவர் வாழ்வில் வெளிச்சமான காலம். உள்ளூர்த் தமிழர்களை உபதேசியார்களாகப் பயிற்றுவிக்க ஒரு பள்ளி தொடங்கினார். கடலூரிலும் சென்னையிலும் பள்ளிகள் திறந்தார். பழைய ஆலயத்தைக் கடல் அழித்திருந்ததால் 1717 பிப்ரவரியில் புதிய எருசலேம் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1718 அக்டோபர் 11-இல் பிரதிஷ்டை நடந்தது. முகப்பில் மன்னர் பிரெடரிக்கின் முத்திரை பொறிக்கப்பட்டது. ஆலயம் கட்டிய சபைக்கு என்ன மிஞ்சும்? கடன் மிஞ்சும். இங்கும் அதுவே.

இதற்குள் கோபன்ஹேகனில் காற்று மாறியிருந்தது. மிஷன் வேலையைக் கவனிக்க மன்னர் 1714-இல் ஏற்படுத்திய குழுவுக்குக் கிறிஸ்டியன் வெண்ட் என்பவர் செயலாளராக இருந்தார். கெட்டவர் அல்ல. பக்தியுள்ளவர், எளிமையை நம்பியவர். அப்போஸ்தலர்கள் பணப்பை இல்லாமல் நடந்தே போய்ப் பிரசங்கித்தார்கள், இவர்களுக்கு எதற்கு ஆலயம், எதற்குப் பள்ளி, எதற்கு அச்சுக்கூடம், எதற்குக் கல்யாணம் என்பது அவருடைய கேள்வி. உள்ளூர்ச் சபை தன் காலில் தானே நிற்க வேண்டும், வெளிப் பணம் சபையைக் கெடுக்கும் என்றும் அவர் கருதினார்.

யோசித்துப் பார்த்தால் அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. வெளியிலிருந்து வரும் பணத்தில் வளரும் சபை, பணம் நின்றால் என்ன ஆகும் என்ற பயம் இன்றைக்கும் உண்மையானது. சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்ற ஏச்சும் அன்றைக்கே இருந்தது. ஆனால் வெண்ட் இதைக் கேட்டது கோபன்ஹேகனில் இருந்துகொண்டு. தரங்கம்பாடியில் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவன் வாசலில் நிற்கும்போது, ஆன்மாவைப் பற்றி மட்டும் பேசி அனுப்பிவிட சீகன்பால்குவால் முடியவில்லை. ஆன்மாவுக்குச் செய்யும் ஊழியத்தையும் உடலுக்குச் செய்யும் ஊழியத்தையும் பிரிக்க முடியாது என்பது அவர் கொள்கை. ஹாலேயில் அவர் பார்த்து வளர்ந்ததும் அதுதான். பிராங்கேயின் உண்டியலை அறிந்தவருக்கு வெண்டின் வாதம் எப்படி ஏறும்?

கண்டனக் கடிதங்கள் வந்தன. எதிர்பார்த்த பணம் வரவில்லை. உடல்நலம் குன்றியிருந்த நேரத்தில், தன் நோக்கத்தையே சந்தேகிக்கும் சொற்களை அவர் படிக்க வேண்டியிருந்தது. ஹாசியுஸ் எதிரி, எதிரியின் கோட்டையில் அடைபட்டிருந்தபோது தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்ற தெம்பாவது அவருக்கு இருந்திருக்கும். இந்த அடி விழுந்தது சொந்த வீட்டிலிருந்து. இந்த மன உளைச்சல் அவர் முடிவை விரைவாக்கியது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள்.

1718 கடைசியில் படுத்தவர் எழவில்லை. 1719 பிப்ரவரி 23-இல் உயிர் பிரிந்தது. வயது 36. தான் கட்டி நான்கு மாதம்கூட முழுதாக ஆராதனை நடத்தாத புதிய எருசலேம் ஆலயத்துக்குள் பலிபீடத்தின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுப்போன சபையில் இருந்தவர்கள் சில நூறு பேர்தான்.

அதே 1719 ஜனவரியில், இங்கிலாந்தின் காண்டர்பரி பேராயர் வில்லியம் வேக், சீகன்பால்குவுக்கும் குரூண்ட்லருக்கும் ஒரு கடிதம் எழுதியிருந்தார். எந்தப் பேராயரின் பதவியைவிடவும் அவர்கள் செய்யும் ஊழியம் உயர்ந்தது என்ற பாராட்டு அதில் இருந்தது. கப்பலில் ஏறிக் கடல் கடந்து கடிதம் தரங்கம்பாடிக்கு வந்தபோது, பெறவேண்டியவர் மண்ணுக்குள் போய் மாதங்கள் ஆகியிருந்தன. கண்டனம் நேரத்தில் வந்தது, பாராட்டு தாமதமாகியது.

குரூண்ட்லர் தனியாகக் கடனையும் பள்ளிகளையும் தாங்கிப் பார்த்தார். ஓராண்டு தாங்கினார். 1720 மார்ச்சில் அவரும் இறந்து நண்பரின் பக்கத்தில் அடக்கமானார். நல்லவேளையாக 1719 செப்டம்பரில் பெஞ்சமின் சூல்ட்சேயும் மற்ற புதியவர்களும் வந்து சேர்ந்திருந்ததால் வேலை நின்றுபோகவில்லை.

சீகன்பால்கு 1718-இல், தம் கடைசி ஆண்டில், கடலூரைச் சேர்ந்த ஓர் இளைஞருக்குத் திருமுழுக்குக் கொடுத்து ஆரோன் என்று பெயரிட்டார். அந்த ஆரோன் உபதேசியாராகி, 1733 டிசம்பர் 28-இல் போதகராக அபிஷேகம் பெற்றார். சீர்திருத்தத் திருச்சபையின் முதல் தமிழ்ப் போதகர் அவர்தான். வெள்ளைக்காரப் போதகர்கள் எளிதில் நுழைய முடியாத தஞ்சை நாட்டுக் கிராமங்களில் ஆரோன் ஊர் ஊராக நடந்தார். ஓர் ஊரில் பத்து வீடு, அடுத்த ஊரில் ஐந்து வீடு என்று சிதறிக் கிடந்த சபைகளைக் கவனித்து 1745-இல் மறைந்தார்.

சீகன்பால்கு இறந்து 200 ஆண்டு கழித்து, 1919 ஜனவரி 14-இல், தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனித் திருச்சபையாக அமைந்தது. அதன் தலைவர் இன்றும் தரங்கைப் பேராயர் என்றே அழைக்கப்படுகிறார். அதற்கு முன்பே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து மலாயாவுக்கு வேலை தேடி வந்தவர்களோடு அந்தச் சபையும் கப்பலேறி வந்துவிட்டது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சீயோன் ஆலயம் அப்படி வளர்ந்த சபைதான். ரயில்வேயிலும் தோட்டத்திலும் வேலை பார்த்தவர்கள் போட்ட காணிக்கையில் நடந்த சபைகள் இவை. ஊரிலிருந்து போதகரை வரவழைக்க வேண்டும், வந்தவருக்கு வீடும் சம்பளமும் வேண்டும், அவர் பல ஊர்களைச் சுற்றிவர வண்டிச் செலவு வேண்டும். கமிட்டிக் கூட்டங்களில் இன்றுவரை பேசப்படும் விஷயங்கள் இவைதான்.

தரங்கம்பாடி அரசர் தெருவில் புதிய எருசலேம் ஆலயம் இன்னும் நிற்கிறது. ஞாயிறு ஆராதனை நடக்கிறது. பலிபீடத்தின் இரு பக்கமும் சீகன்பால்குவும் குரூண்ட்லரும் அடக்கமாகியிருக்கிறார்கள்.